‘ஸ்கிறேப்’ என்ற சொல் வந்தால் என்ன செய்வது? வன்னியில் மொழிபெயர்ப்பு வேலை தொடங்குவோருக்கு

‘ஸ்கிறேப்’ (scrape) பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சின்ன ஆங்கிலச் சொல். ஆபத்தே அதில்தான். பெரிய சொல் வந்தால் நின்று அகராதி பார்ப்பீர்கள். இதைக் கண்டதும் கை தானாகச் ‘சுரண்டு’ என்று அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் மொழிபெயர்ப்புக்கு வரும் கட்டுகளைப் பிரித்துப் பாருங்கள். மிதிவெடி அகற்றுவோரின் பாதுகாப்புக் குறிப்பு, வீதி வேலையின் பி.ஓ.கியூ. (வேலையின் அளவும் விலையும் குறித்த பட்டியல்), ஆஸ்பத்திரிச் சம்மதப் படிவம், வாகனக் காப்புறுதிக் கோரிக்கை, வாழ்வாதாரத் திட்ட அறிக்கை, கரையோரப் பறவைகள் பற்றிய சுற்றாடல் அறிக்கை என்று எல்லாவற்றிலும் இது தலைகாட்டும். ஒன்றுக்குப் பொருந்திய தமிழ் மற்றதற்குப் பொருந்தாது.

கீழே உள்ள எண்வரிசையிலேயே வேலையையும் செய்யுங்கள். அகராதியை முதலில் திறக்க வேண்டாம். அது நான்காம் படியில்தான் தேவைப்படும்.

1. வேலையை ஏற்குமுன் கேட்டு வாங்க வேண்டியவை

தனி வசனமாக அனுப்பி “இதுக்குத் தமிழ் என்ன?” என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லாதீர்கள். முழுக் கோப்பும் வேண்டும். ‘ஸ்கிறேப்’ வரும் பக்கத்துக்கு முன்னும் பின்னும் ஒரு பக்கமாவது இல்லாமல் எது எதில் படுகிறது என்று சொல்ல முடியாது. வரைபடமோ புகைப்படமோ இருந்தால் அதையும் கேளுங்கள். ஒரு படம் பத்துக் கேள்வியை மிச்சப்படுத்தும்.

இரண்டாவது, சென்ற வருடத் தமிழ்ப் பிரதி. ஒரே திட்டத்தின் முதல் வருட அறிக்கையில் ‘வழித்தல்’ என்றும் இரண்டாம் வருடத்தில் ‘சுரண்டுதல்’ என்றும் இருந்தால், கணக்காய்வுக்கு வருபவர் இரண்டும் வேறு வேறு வேலை என்றே நினைப்பார். மூன்றாவது, வாசிக்கப் போவது யார் என்ற தகவல். பிரதேச செயலகத்துக்குப் போகும் தாளும், கூட்டத்தில் கமக்காரருக்கு வாசித்துக் காட்டும் தாளும் ஒரே தமிழில் இருக்க முடியாது.

நீதிமன்றம், வெளிநாட்டு வீசா, பிறப்பு விவாகப் பதிவு சம்பந்தமான தாள்களானால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரையும் கையொப்பமும் கேட்பார்கள். உங்களிடம் அது இல்லையென்றால் முற்பணம் வாங்குமுன்பே சொல்லிவிடுங்கள். மொழிபெயர்ப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் முத்திரை இல்லாத தாள் திரும்பி வரும். பிறகு இரண்டாம் தடவை காசு கட்டுவது வாடிக்கையாளர், பேச்சு வாங்குவது நீங்கள்.

எழுத்துருவையும் இப்போதே கேளுங்கள். இங்கே பழைய கோப்புகள் பல இன்னும் யூனிகோட்டுக்கு முந்திய எழுத்துருவான பாமினியில் கிடக்கின்றன. அதன் தொல்லை கடைசிப் படியில் வரும்.

2. ‘பீ’ ஒன்றா, இரண்டா?

ஆங்கிலத்தில் ‘ஸ்கிறேப்’ வேறு, ‘ஸ்கிறப்’ (scrap) வேறு. இறந்தகாலத்தில் முதலாவதற்கு ஒரு ‘பீ’ எழுத்து, இரண்டாவதற்கு இரண்டு. ‘இங்’ சேரும்போதும் அப்படியே. “இரண்டு கிலோமீற்றர் வீதி ஸ்கிறேப்ட்” என்றால் கிரேடர் இயந்திரம் போட்டு மேலை வழித்துவிட்டார்கள். “ஸ்கிறப்ட்” என்றால் அந்த வேலையையே கைவிட்டுவிட்டார்கள். ஓர் எழுத்து கூடினால் ஊருக்கு வீதி இல்லை. எழுதியவரே தவறவிட்ட எழுத்தாகவும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் பக்கத்திலுள்ள செலவு நிரலைப் பாருங்கள். செலவு விழுந்திருந்தால் வேலை நடந்திருக்கிறது.

வன்னியில் இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. ‘ஸ்கிறப்’ என்றால் நம் ஊரில் பழைய இரும்பு. பழைய இரும்பு பொறுக்கப் போய் வெடிபொருளில் கை வைப்பதைப் பற்றி எச்சரிக்கும் துண்டுப்பிரசுரத்தில் ‘ஸ்கிறப் கலெக்டர்ஸ்’ என்று வரும். அதைச் ‘சுரண்டுபவர்கள்’ என்று எழுதினால், யாரை எச்சரிக்க வேண்டுமோ அவருக்கு அது தன்னைப் பற்றியது என்றே தெரியாது. ‘பழைய இரும்பு சேர்ப்பவர்கள்’ என்று எழுதுங்கள்.

இரண்டும் ஒரே வேரின் பிள்ளைகள்தான். வட ஐரோப்பாவின் பழைய நோர்ஸ் மொழியில் ‘ஸ்க்ரபா’ என்றால் சுரண்டுதல், ‘ஸ்க்ரப்’ என்றால் மிஞ்சும் துண்டுதுணுக்கு. முதலாவதிலிருந்து வினையும் இரண்டாவதிலிருந்து பெயரும் ஆங்கிலத்துக்கு வந்தன. பழைய ஆங்கிலத்திலும் இதற்கு உறவான வினை இருந்தது. ஆனால் ஆங்கிலத்தின் சொந்தச் சொற்களில் அந்த ‘ஸ்க்’ ஒலி பெரும்பாலும் ‘ஷ்’ ஆக மாறிவிடும். ‘ஷேர்ட்’ சொந்தச் சொல், ‘ஸ்கேர்ட்’ நோர்ஸ் கொடுத்தது. ‘ஸ்கிறேப்’ தன் ‘ஸ்க்’கை விடாமல் வைத்திருப்பதற்கு நோர்ஸ்தான் காரணம். பிறப்புக் கதை உங்கள் வேலைக்கு இவ்வளவு போதும். ஒன்று செயல், மற்றது அந்தச் செயலின் மிச்சம்.

கூட்டங்களில் வாய்மொழியாக மொழிபெயர்ப்பவர்கள் உயிரொலியைக் கவனியுங்கள். நெடிலாகக் கேட்டால் வினை, குறிலாகக் கேட்டால் மிச்சம் அல்லது கைவிடல்.

3. கூட வரும் சொல்லைப் பாருங்கள்

ஆங்கிலக்காரர் இந்த வினைக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல்லை ஒட்டுவார்கள். பொருளில் பாதி அதற்குள் இருக்கும்.

‘துறூ’ ஒட்டினால் அநேகமாகப் பரீட்சை. “ஒருமாதிரிப் பாஸ் பண்ணிட்டான்” என்பது பேச்சு. பாடசாலை அறிக்கையானால் பெறுபேற்றைப் பாருங்கள். சாதாரண தரத்தில் 35க்கும் 49க்கும் இடைப்பட்ட புள்ளி என்றால் அது எஸ், அதாவது சாதாரண சித்தி. தரம் தெரிந்த இடத்தில் உவமை வேண்டாம், ‘சாதாரண சித்தி பெற்றார்’ என்று எழுதினால் போதும். விபத்திலிருந்து தப்பியதைச் சொல்லும் இடமானால் நம்மிடம் ‘அருந்தப்பு’ இருக்கிறது. ‘மயிரிழையில்’ என்பதும் சரிதான், ஆனால் ‘அருந்தப்பிலை தப்பினது’ என்றால் ஊர் உடனே பிடித்துக்கொள்ளும்.

‘பை’ ஒட்டினால் சீவியம். வாழ்வாதார அறிக்கைகளில் இது அடிக்கடி வரும்: இரண்டு ஏக்கர் வயலையும் நாலு ஆட்டையும் வைத்து ஒரு குடும்பம் எப்படியோ சமாளிக்கிறது என்ற அர்த்தத்தில். ‘பிழைப்பு ஓட்டுகிறார்’ என்று எழுதாதீர்கள். தமிழ்நாட்டு வழக்கு என்பதோடு, தனியே குடும்பம் நடத்தும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதும்போது அதில் ஓர் இளக்காரமும் ஒட்டிக்கொள்ளும். ‘வயிற்றுப்பாட்டுக்கு மட்டும் வருமானம் காணும்’, ‘கஷ்டப்பட்டுச் சீவியம் நடத்துகிறார்’ இரண்டில் ஒன்று. அந்த அறிக்கையை அவரிடமே வாசித்துக் காட்ட நேரிடும் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள். பல திட்டங்களில் அப்படித்தான் நடக்கும்.

‘டுகெதர்’, ‘அப்’ வந்தால் அங்கே இங்கே புரட்டிக் காசு சேர்த்தல். ‘அகெய்ன்ஸ்ட்’, ‘அலோங்’ வந்தால் உரஞ்சுதல். ‘ஓஃப்’ வந்தால் ஒட்டியிருப்பதை எடுத்தல். ‘அவுட்’ வந்தால் உள்ளிருப்பதை வழித்தல் அல்லது குழித்தல். தலைமயிரோடு ‘பக்’ வந்தால் இழுத்துக் கட்டுதல். அங்கே சுரண்டல் எதுவும் இல்லை.

‘இன் எ ஸ்கிறேப்’ என்றால் ஆள் இக்கட்டில் மாட்டுப்பட்டிருக்கிறார். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே ஆங்கிலத்தில் இந்தப் பொருள் உண்டு. பேச்சில் நாம் ‘வில்லங்கம்’ என்போம். காணி சம்பந்தமான தாளில் மட்டும் அந்தச் சொல்லைப் போடாதீர்கள். உறுதியில் ‘வில்லங்கம்’ என்றால் அந்தக் காணியில் ஈடோ வழக்கோ கிடக்கிறது என்று படிப்பார்கள், வாங்க வந்தவர் திரும்பிப் போய்விடுவார். ‘பௌ அன்ட் ஸ்கிறேப்’ என்பது பழங்காலத்தில் ஒரு காலைத் தரையோடு பின்னுக்கு இழுத்துக் குனிந்து வணங்கிய முறையிலிருந்து வந்தது. நமக்குக் ‘கூனிக் குறுகி நிற்றல்’ இருக்கிறது, காலை விட்டுவிடலாம்.

4. போவது எது, மிஞ்சுவது எது?

முழு வழிகாட்டியின் சாரம் இந்தப் படி. அவசரப்படாதீர்கள்.

ஒரு பொருள் இன்னொன்றின் மேற்பரப்பில் அழுத்தி இழுபடுகிறது என்பது மட்டுமே ஆங்கிலத்துக்கு முக்கியம். அதனால் ஒரே சொல் போதும். தமிழ் வேறு கேள்விகள் கேட்கும். உங்களுக்கு வேண்டியது வந்து விழுந்ததா, அடியில் மிஞ்சியதா? விழுந்தது தூளா, சீவலா, களியா? செய்தது கையா, கருவியா, நகமா? இவற்றுக்குப் பதில் கிடைத்ததும் வினை தானே வரும்.

தேங்காயில் வேண்டியது விழும் பூ. அது துருவுதல். பேச்சில் திருவுதல், கருவி திருவலை. துருவிய தேங்காயை நம் பக்கம் ‘தேங்காய்ப்பூ’ என்பதால், சமையற் குறிப்பில் ‘துருவிய தேங்காய்’ என்று இழுக்கத் தேவையில்லை.

சட்டியில் அடிப்பிடித்தது வேண்டாத பொருள், வலிந்து எடுக்க வேண்டும். அது சுரண்டுதல். அதே சட்டியில் மிஞ்சிய குழம்பு வேண்டிய பொருள், மெத்தென்று வரும். அது வழித்தல். சட்டியும் ஒன்று, அகப்பையும் ஒன்று, ஆங்கிலச் சொல்லும் ஒன்று. தமிழில் மட்டும் இரண்டு வேலை. கோப்பையில் மிஞ்சிய சோற்றை வழித்துப் போட்டுவிட்டுத்தான் கழுவுவார்கள்.

கரட், மாங்காய் போன்றவற்றின் தோலை மெல்லிய பட்டையாக எடுத்தால் சீவுதல். பென்சிலும் சீவுதல்தான். மரத்தச்சரின் கருவி சீவுளி. ஆனால் பனையோடு ‘சீவல்’ வந்தால் அது பாளையைச் சீவிக் கள் இறக்கும் தொழில். வடலி வளர்ப்புத் திட்ட அறிக்கையில் இரண்டும் கலந்துவிடாமல் பாருங்கள்.

குளக்கட்டிலும் வளவிலும் புல்லை வேரோடு பிடுங்காமல் மண்வெட்டியை அல்லது உழவாரத்தைச் சரித்துப் பிடித்து மேலோடு எடுப்பது செருக்குதல். இந்த ஒரு சொல் தெரியாமல் ‘புற்களைச் சுரண்டி அகற்றுதல்’ என்று எழுதப்பட்ட கூலிப் பட்டியல்கள் எத்தனையோ. ‘புல்லுச் செருக்குதல்’ என்று எழுதினால் வேலைக்கு வருபவர் எந்தக் கருவியை எடுத்து வரவேண்டும் என்பதுவரை விளங்கும். வெளிமாவட்ட வாசகருக்கும் போகும் தாளானால் ‘செதுக்குதல்’ பாவிக்கலாம்.

சுவரில் உரிந்த பெயின்றைச் சுரண்டுவார்கள். கருவிக்குப் பெயின்ற் அடிப்பவர் ‘ஸ்கிறேப்பர்’ என்றே சொல்வார், அதை மாற்ற வேண்டாம். வள்ளத்தைக் கரையேற்றி அடியில் பிடித்த பாசியையும் சிப்பியையும் எடுப்பதும் சுரண்டுதல்தான். பூனை செய்தால் விறாண்டுதல். நகம் வேலை செய்யும் இடமெல்லாம் இதுதான், சுரண்டுதல் அல்ல. ‘சிரைத்தல்’ அகராதியில் இருக்கும், உங்கள் தாளில் இருக்கக்கூடாது. பேச்சில் அது வசைக்கு மிகக் கிட்டப் போய்விட்டது.

இரண்டு கெட்டியான பொருள் உராய்ந்து போனால் உரஞ்சுதல், எழுத்தில் உரசுதல். கதிரையைத் தரையில் இழுக்கும் சத்தத்துக்கு ஆங்கிலக்காரர் இதே சொல்லைப் போடுவார். நமக்குக் ‘கதிரையை இழுத்த சத்தம்’ போதும். வானத்தை உரசும் கட்டடத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரும் இந்தச் சொல்லிலிருந்து வந்ததே. நாம் ‘வானளாவிய’ என்று முன்பே சொல்லி வைத்திருக்கிறோம், ‘வானுரசி’ தேவையில்லை. (வன்னி அறிக்கை எதிலும் அது வரப்போவதுமில்லை. இங்கே உயரமென்றால் தண்ணீர்த் தாங்கியும் தொலைபேசிக் கோபுரமும்தான்.)

பறவை அறிக்கை ஒன்று வந்தால் தனிக் கவனம். சுண்டிக்குளம், கொக்கிளாய், வங்காலைப் பக்கங்களில் தரையில் முட்டையிடும் பறவைகள் உண்டு. ஆட்காட்டி கூடு கட்டுவதில்லை. வெறும் தரையைக் கொஞ்சம் குழித்து, சுற்றிச் சிறுகல்லை வைத்து, பெரும்பாலும் நாலு முட்டை இடும். அந்தக் குழிக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்கிறேப்’ என்றே பெயர். இங்கே அது பெயர்ச்சொல். ‘தரைக்குழி’ அல்லது ‘தரையிற் குழித்த கூடு’ என்று எழுதுங்கள். ‘சுரண்டல்கள் காணப்பட்டன’ என்று எழுதினால், யாரோ மண் கிண்டியதாக விளங்கிக்கொண்டு விசாரிக்கப் புறப்படுவார்கள்.

இனி அகராதியைத் திறக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாக இருக்கிறது. அதில் தமிழ்ச் சொல்லைத் தேடாமல், விளக்கப் பகுதியில் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்துத் தேடுங்கள். இந்தப் பொருளுள்ள தமிழ் வினைகள் வரிசையாக வந்து விழும். யாழ்ப்பாண வழக்குகளுக்குத் தனிக் குறியும் இட்டிருப்பார்கள். அரச ஆவணமானால் அரசகரும மொழிகள் திணைக்களத்தின் சொற்றொகுதிகளையும் பாருங்கள். அங்கே ஒரு சொல் நிலைபெற்றிருந்தால், அது உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் அதையே பாவியுங்கள்.

5. ‘சுரண்டல்’ என்ற பொறி

வினையாக இருக்கும்வரை ‘சுரண்டு’ சாதுவான சொல். பெயராக்கிச் ‘சுரண்டல்’ என்றதும் அது உழைப்புச் சுரண்டல், பாலியல் சுரண்டல் பக்கம் போய்விடும். ஆங்கிலத்தில் அதற்கு முற்றிலும் வேறு சொல். ‘தோல் சுரண்டல் பரிசோதனை’, ‘மண் சுரண்டல் வேலை’ எல்லாம் வாசிப்பவரை ஒரு கணம் திடுக்கிட வைக்கும். பெயர்ச்சொல் தேவையானால் ‘சுரண்டுதல்’ என்று தொழிற்பெயராக வையுங்கள், அல்லது வசனத்தையே திருப்பி வினையாக்குங்கள்.

இதில் அதிகம் விழுபவர்கள் கணினி பற்றி எழுதும் மாணவர்கள். கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ செய்திட்ட அறிக்கை எழுதும்போது ‘வெப் ஸ்கிறேப்பிங்’ வரும். அதை ‘இணையச் சுரண்டல்’ என்று எழுதினால் குற்றப்பத்திரிகைபோல இருக்கும். ‘இணையத்தளங்களிலிருந்து நிரல்மூலம் தரவு திரட்டுதல்’ என்று முதல் தடவை விரித்து எழுதிவிட்டு, பிறகு ‘தரவு திரட்டுதல்’ என்று சுருக்கலாம். திரட்டுவது ஆட்களின் பெயர், தொலைபேசி எண் போன்ற விபரமானால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றிய பந்தியும் அறிக்கையில் இருக்கும். அங்கே இரண்டு சொல்லையும் பிரித்துக் காட்டுவது இன்னும் முக்கியம். திரட்டுவது ஒரு செயல், தகாத முறையில் பயன்படுத்துவது வேறொரு செயல்.

6. பிழைத்தால் காசோ காலோ போகும் தாள்கள்

மிதிவெடி அகற்றும் பணி. இலங்கையில் மண்ணை றேக் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வாரி எடுத்துத் தேடும் முறை பரவலாகப் பாவிக்கப்படுகிறது. செயல்முறைக் குறிப்பில் வாருதல், சுரண்டுதல், தோண்டுதல், குத்துதல் எல்லாம் தனித்தனிக் கட்டளைகள். ஒன்றுக்குப் பதில் மற்றதை எழுதுவது இங்கே நடைப்பிழை அல்ல. களத்தில் பயிற்சியாளர் எந்தச் சொல்லைச் சொல்லிப் பழக்கியிருக்கிறாரோ அதே சொல் தாளிலும் வரவேண்டும். உங்கள் சொல் அதைவிட அழகாக இருந்தாலும் வேண்டாம். களப் பொறுப்பாளர் ஒருவர் தமிழ்ப் பிரதியை வாசித்துக் கையொப்பமிடாமல் கையளிக்காதீர்கள்.

வீதி, குள வேலைப் பி.ஓ.கியூ. ‘மேல்மண்ணை 150 மில்லிமீற்றர் ஸ்கிறேப் செய்தல்’ என்பது வழித்தல். ‘அகழ்தல்’ என்று எழுதினால் இரண்டு தொல்லை வரும். ஒப்பந்தகாரர் ஆழமான வேலை என்று விலை போடுவார். அகழ்வு என்ற சொல்லைக் கண்ட அலுவலகம் மண் அகழ்வுக்கான அனுமதிப்பத்திரம் எங்கே என்று கேட்கும். அலகையும் உங்கள் கையால் மாற்றாதீர்கள். 150 மில்லிமீற்றரை ‘ஆறு அங்குலம்’ என்று மாற்ற மனம் வரும். ஓர் ஏக்கரில் 150 மில்லிமீற்றர் வழித்தால் 607 கனமீற்றர், அதாவது 214 கியூப் மண். ஆறு அங்குலம் வழித்தால் 218 கியூப் ஆகும் (ஒரு கியூப் என்பது 100 கன அடி). ஓர் ஏக்கருக்கு ஒரு டிப்பர் மண் வித்தியாசம். அந்தக் காசை யார் கட்டுவது என்ற சண்டையில் உங்கள் பெயரும் இழுபடும்.

காயம் பற்றிய தாள். பொலிசார் கொடுக்க வைத்தியர் நிரப்பும் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தில் காயத்தின் வகை தனித்தனியே குறிக்கப்படும். தோலின் மேற்படை மட்டும் உரிந்தால் சிராய்ப்பு. அடிபட்டுக் கண்டிப்போனால் கண்டல். தசை கிழிந்தால் கிழிகாயம். கூரான ஆயுதம் பட்டால் வெட்டுக்காயம். காயப்பட்டவர் ஆங்கிலத்தில் ‘ஸ்கிறேப்’ என்று சொன்னதை நீங்கள் ‘கீறல் காயம்’ என்று எழுதினால், கத்தி எங்கே என்று கேட்பார்கள். சிராய்ப்பு என்றே எழுதுங்கள்.

வாகனம். கீறு வேறு, உரசல் வேறு, நெளிவு வேறு. கீறு ஒரு கோடு. உரசல் அகலமாகப் பெயின்ற் போன இடம். நெளிவு தகடு உள்ளே போனது. ஏ9 வீதியில் பஸ்ஸும் ஓட்டோவும் பட்டுக்கொண்ட விபரத்தில் ‘உரசியது’ என்பதற்கும் ‘மோதியது’ என்பதற்கும் இடையில் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியே மாறிவிடும். மூலத்தில் ‘ஸ்கிறேப்’ என்று இருந்தால் சேதம் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் ‘உரசியது’தான். கூட்டவும் குறைக்கவும் உங்களுக்கு உரிமை இல்லை.

ஆஸ்பத்திரி. சொறி, படர்தாமரை போன்றவற்றுக்குத் தோலிலிருந்து மாதிரி எடுப்பதை ‘தோலின் மேற்பகுதியைச் சுரண்டி எடுக்கும் மாதிரி’ என்று எழுதலாம். நோயாளி பயப்பட மாட்டார். கருப்பை சம்பந்தமான சிகிச்சைக்குப் பேச்சு ஆங்கிலத்தில் இதே சொல்லைச் சொல்வதுண்டு. அங்கே சுரண்டுதலைக் கொண்டுவராதீர்கள். ஊரில் ‘கழுவுதல்’ என்பார்கள். சம்மதப் படிவத்தில் வைத்தியரிடம் கேட்டு முழுப் பெயரையும் எழுதி, பக்கத்தில் ஊர் வழக்கையும் சேருங்கள். கையொப்பம் வைப்பவருக்கு எதற்கு வைக்கிறோம் என்று விளங்க வேண்டும்.

ஆடு, செம்மறி இறக்குமதித் தாளில் ‘ஸ்கிறேப்பி’ என்று வந்தால் அது ஒரு நோயின் பெயர். நோயுற்ற செம்மறி உடம்பை மரத்திலும் வேலியிலும் உரஞ்சிக்கொண்டே இருப்பதால் வந்த பெயர். மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதுங்கள்.

7. நேரமும் கூலியும்

சாதாரண அறிக்கையானால் 250 சொல் கொண்ட ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் வையுங்கள். பழகியவருக்கும் ஒரு நாளில் 2000 முதல் 2500 ஆங்கிலச் சொல்தான் ஒழுங்காகச் செய்ய முடியும். ஆறாம் படியில் சொன்ன வகைத் தாளானால் அதில் பாதி. துறைசார்ந்த ஒருவரைக் கண்டு கேட்கும் நேரம் தனி.

சொல்லுக்கு இவ்வளவு என்று பேசினால், எண்ணுவது ஆங்கிலச் சொல்லையா தமிழ்ச் சொல்லையா என்று எழுத்தில் வாங்குங்கள். தமிழ் சொல்லோடு சொல்லை ஒட்டுவதால் எண்ணிக்கை குறையும். நாலில் ஒரு பங்கு குறைவது சாதாரணம். ‘ஸ்கிறேப் டுகெதர்’ வரும் எட்டுச் சொல் ஆங்கில வசனம் ‘எப்படியோ புரட்டிக் கட்டணத்தைக் கட்டினார்’ என்று நாலு சொல்லில் முடிந்துவிடும். யோசித்துச் சுருக்கியதற்கு அரைக் கூலி வாங்கிக்கொண்டு போவதில் அர்த்தமில்லை. மூலத்தை எண்ணுங்கள்.

கூலியில் சேர்க்க மறப்பவை: களப் பொறுப்பாளரோ பொறியியலாளரோ சரிபார்க்கும் கூட்டத்துக்குப் போகும் பஸ் காசும் நேரமும், பாமினியிலிருந்து மாற்றும் வேலை, வாடிக்கையாளர் மூலத்தையே மாற்றிவிட்டுத் திரும்பக் கேட்கும் திருத்தம். முதல் திருத்தம் இலவசம், மூலம் மாறினால் புதுக் கணக்கு என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பிறகு முகம் முறியாது.

காலத்தையும் பாருங்கள். அரசின் கணக்காண்டு ஜனவரி தொடங்கி டிசம்பரில் முடிவதால், வருடக் கடைசியில் பில்லும் பி.ஓ.கியூ.வும் குவியும். அதே நேரம் வன்னியில் மாரி மழை, கரண்டும் நம்ப முடியாது. கமச் சொற்களைக் கேட்கப் போகிறீர்கள் என்றால் காலபோக விதைப்பு நடக்கும் ஒக்டோபர், நவம்பரில் வயலுக்குள் நிற்கும் ஐயாவை மறித்து வைத்துக் கேட்காதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுத் திண்ணையில் கேட்டால் ஒரு சொல்லுக்கு மூன்று சொல் தருவார்.

8. கையளிக்குமுன்

முடித்த கோப்பில் ‘சுரண்ட’ என்று தேடுங்கள். வருகிற ஒவ்வோர் இடத்திலும் நாலாம் படிக் கேள்வியை மறுபடி கேளுங்கள். பிறகு ஆங்கில மூலத்தில் தேடி எண்ணிக்கையை ஒப்பிடுங்கள், ஒன்றும் விடுபடாமலிருக்க. கோப்பு பாமினியில் இருந்தால் இந்தத் தேடல் வேலை செய்யாது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே கிடப்பவை ஆங்கில எழுத்துகளே. யூனிகோட்டில் அடித்துத் தேடினால் ‘இல்லை’ என்று வரும், நீங்களும் இல்லை என்று நம்பிவிடுவீர்கள். முதலில் யூனிகோட்டுக்கு மாற்றி, மாறும்போது உடைந்த எழுத்துகளைக் கையால் திருத்தி, அதன் பிறகு தேடுங்கள்.

அடுத்து, ஆங்கிலம் தெரியாத ஒருவருக்கு அந்த வசனங்களை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். “விளங்குதா?” என்று கேட்டால் எல்லோரும் மரியாதைக்கு ஓம் என்றுதான் சொல்வார்கள். “இப்ப நீங்கள் என்ன செய்வியள், எதை எடுப்பியள்?” என்று கேளுங்கள். மண்வெட்டிக்குப் பதில் அலவாங்கு என்று சொன்னால் உங்கள் வினை பிழை.

கடைசியாக, எந்த இடத்தில் எந்தத் தமிழ் வினையைப் போட்டீர்கள், ஏன் என்று அரைப் பக்கக் குறிப்பொன்றை இணைத்துக் கொடுங்கள். அலுவலகத்தில் யாராவது ‘செருக்குதல்’ கொச்சை என்று சொல்லி அதைச் ‘சுரண்டல்’ ஆக்கச் சொல்வார்கள். மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் அந்த மாற்றத்தைத் தொலைபேசியில் ஏற்காமல், மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி வாங்கி, பில்லோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.